சிலம்பை உடைக்காத தொடர்கள்

உப்புவெளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவும் நானும் இரவில் சேர்ந்திருந்து இந்தியத் தமிழ் நாடகங்கள் பார்க்கிறோம். பார்த்து முடிக்கும்போது எரிச்சல்தான் மிஞ்சுகிறது. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது, பாலில் மருந்து கலப்பது, கர்ப்பிணி மாடிப்படியில் வழுக்கி விழுவது, தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை மாறுவது என்று எந்தத் தொடரைப் போட்டாலும் இதே கதை. எழுதுகிறவர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டதா? இங்கே நம்மவர்கள் எழுதினால் வேறுவிதமாக வருமா?"

கற்பனை வற்றியதாக நான் நினைக்கவில்லை. அங்கே வேலை நடக்கிற முறையை அறிந்தால் உங்கள் கோபம் குறையாது, ஆனால் சரியான இடத்தில் போய் நிற்கும்.

சென்னைத் தொடர் ஒன்றில் பெரும்பாலும் மூலக்கதை ஒருவருடையது, திரைக்கதை இன்னொருவருடையது, வசனம் மூன்றாமவருடையது. இவர்களுக்கெல்லாம் மேலே சானலின் நிகழ்ச்சிப் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. வாரத்தில் ஆறு நாள், சில தொடர்களுக்கு ஏழு நாளும் ஒளிபரப்பு. விளம்பரம் கழித்தால் நாளொன்றுக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடக் கதை வேண்டும். திரைப்படக் குழு ஒரு நாளில் இரண்டு மூன்று நிமிடம் தேறுகிற அளவுக்குப் படம் பிடித்தாலே நல்ல வேகம் என்பார்கள். தொடர்க் குழு அதே நாளில் ஏறக்குறைய ஓர் எபிசோட்டையே முடித்தாகவேண்டும். வசனத் தாள் மை காயாமல் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து சேர்வது அங்கே யாருக்கும் அதிசயமில்லை. மாமனாராக நடிப்பவர் இன்னொரு தொடரில் வில்லனாக இருப்பார். அவருடைய கால்ஷீட் கிடைக்காத வாரத்தில் மாமனார் திடீரென்று பழனிக்குப் போய்விடுவார். வீடே பற்றி எரிகிற சண்டையில் குடும்பத் தலைவரை மட்டும் ஏன் காணவில்லை என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அதற்கான காரணத்தைக் கதைக்குள் தேடிப் பயனில்லை.

இதைவிடப் பெரிய இடிகளும் விழும். 2023 செப்டெம்பரில் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து, அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். கதையின் பாதிக் கனம் அவர் தோளில் இருந்தது. வேல ராமமூர்த்தியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து தொடர்ந்தார்கள். நாவல் எழுதுகிறவருக்கு இப்படியொரு தலைவலி வாழ்நாளில் வராது.

பிறகு இருக்கிறது வியாழக்கிழமை. இந்தியாவில் பார்க் என்ற அமைப்பு, தெரிந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி, எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று 2015 முதல் வாரக் கணக்கு வெளியிடுகிறது. அது வரும் நாள்தான் வியாழன். விளம்பரக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பணம் போடுகிறார்கள். ஒரு வாரம் எண் இறங்கினால் அடுத்த வாரம் யாராவது கடத்தப்படுவார். கல்யாணம் நின்றுபோன வாரத்தில் எண் ஏறியிருந்தால் இன்னொரு கல்யாணம் நிற்கும். கதைகள் மொழிவிட்டு மொழி விற்கப்படுவதும் இதே கணக்கில்தான். 'பாக்கியலட்சுமி' ஒரு வங்காளத் தொடரின் மறுவடிவம். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தமிழிலிருந்து தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. ஓரிடத்தில் எடுபட்ட திருப்பம் எல்லா மொழியிலும் எடுபடும் என்பது பணம் போடுகிறவரின் நம்பிக்கை. புதிய திருப்பத்துக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதில் நமக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. அந்தக் கருவி இந்திய வீடுகளில் மட்டும்தான். திருகோணமலையில் எத்தனை கூரையில் டிஷ் இருந்தாலும், நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த எண் அசையாது. பந்தியில் நமக்கு இலையே போடவில்லை. நீங்கள் கோபத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தால் அது சென்னையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நேரம் மட்டும் ஒத்துப்போகிறது, அதுவும் 2006 ஏப்ரலுக்குப் பிறகுதான். அதற்கு முன் பத்து வருடம் இலங்கைக் கடிகாரம் இந்தியாவை விட முன்னால் ஓடியது. அங்கே ஒன்பதுக்கு வந்த நாடகம், கேபிள் இருந்த வீடுகளில் இங்கே ஒன்பதரைக்கு ஓடியது. இளையவர்கள் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

இந்தக் கதைகளின் கட்டுமானத்தை விளங்கிக்கொள்ள நம்மிடம் நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது: 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. நாடகம் வருகிற நேரத்தில் எத்தனையோ இரவு இருட்டில் கழிந்தது. மின்சாரம் ஒழுங்காக வந்து மறுபடி பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கதை விளங்காமல் போனதா? ஒரு சொல்லும் தவறவில்லை. நல்ல கதையில் ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்டால் தடுமாறவேண்டும். இங்கே மாதக்கணக்கில் தவறவிட்டாலும் அதே கூடத்தில் அதே ஆட்கள் அதே சந்தேகத்தோடு நின்றுகொண்டிருப்பார்கள். தவறவிட்டவர் திரும்பி வந்தால் விலகிப்போகக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

பாத்திரங்கள் ஏன் மனதில் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்பதும் இதைச் சேர்ந்ததுதான். இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக் குசினியை நினைத்துப் பாருங்கள். அம்மா புட்டுக்கு மா குழைக்கிறார், திருவலையில் தேங்காய் திருவுகிறார், நடுவே அடுப்பைப் பார்க்கிறார். நாடகம் கூடத்தில் ஓடுகிறது. அவர் அதைக் காதால் பார்க்கிறார். முகபாவத்தில் மட்டும் ஒரு நடிகை எதையாவது சொன்னால் அது குசினிவரை வந்து சேராது. ஆகவே "ஐயோ, இந்தக் கடிதம் அத்தை கையில் கிடைத்துவிட்டால் என் வாழ்க்கையே போய்விடுமே!" என்று அவள் தனியாக நின்று சத்தமாகச் சொல்கிறாள். அதைத்தான் கதவுக்குப் பின்னால் நிற்பவர் கேட்கிறார். உரக்கச் சிந்திக்கிற வீட்டில் ஒட்டுக்கேட்பது பெரிய வித்தையா? கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்கு இது முட்டாள்தனம், குசினியில் நிற்கிற அம்மாவுக்கு வசதி. இந்த ஒரு குறையை மட்டும் நான் மன்னித்துவிடுகிறேன்.

மன்னிக்க முடியாதது அந்த முகங்கள். "அவன் உங்கள் மகனே இல்லை" என்று ஒருத்தி சொல்கிறாள். கூடத்தில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். கமெரா ஒவ்வொரு முகத்துக்கும் போகிறது, முகத்துக்கு நாலு விநாடி. ஒரு சுற்று முடிய முப்பத்தாறு விநாடி. இடி இடித்து மூன்று சுற்று வந்தால் இரண்டு நிமிடத்துக்குப் பன்னிரண்டு விநாடிதான் குறைவு. இதற்கிடையில் ஒரு வரி வசனம்கூட எழுதவேண்டியதில்லை. நேற்றைய எபிசோட்டின் கடைசிக் காட்சி இன்று மறுபடி வரும், பாட்டு ஒன்று ஓடும், நாளைக்கு என்ன நடக்கும் என்று கடைசியில் காட்டுவார்கள். கழித்துப் பார்த்தால் எழுத்தாளர் உண்மையில் எழுதியது பத்துப் பன்னிரண்டு நிமிடம் வருமா என்பதே சந்தேகம்.

இனி உங்கள் குற்றச்சாட்டின் நடுவுக்கு வருகிறேன். ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது என்கிறீர்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பதில் நாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். வைகாசி பிறந்தால் கிழக்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிப்பார்கள். கோவலன் கொலையுண்பான் என்பது அங்கே இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் போகிறோம், தெரிந்துதான் அழுகிறோம். விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்கள் எவரும் முடிவு தெரியாமல் போய் உட்கார்ந்ததில்லை.

அந்தக் கதையைச் சற்று ஒரு நாடகக்காரனின் கண்ணால் பாருங்கள். செய்யாத களவு ஒருவன் மேல் சுமத்தப்படுகிறது. விசாரிக்கவேண்டியவர் விசாரிக்காமல் தண்டனை கொடுத்துவிடுகிறார். நிரபராதியின் மனைவி நியாயம் கேட்டு வருகிறாள். ஆதாரம் ஒரே ஒரு சிலம்பு. இவையெல்லாம் இன்றைய தொடர்களில் நாம் பார்த்துச் சலித்த அதே திருப்பங்கள்தான். ஆனால் அங்கே சிலம்பு உடைபடுகிறது. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். பரல் தெறித்த அந்த இடத்திலேயே அரசன் உயிர் விடுகிறான், அரசியும் விடுகிறாள், ஊர் எரிகிறது. ஒரு பொய்க்கும் ஓர் அவசரத் தீர்ப்புக்கும் ஒரு நகரமே விலை கொடுக்கிறது.

அதே கதையைத் தொடராக்கினால் சிலம்பு சபைக்கு வருகிற வழியில் காணாமற்போகும். கிடைக்கும்போது மாற்றி வைக்கப்பட்டிருக்கும். உடைக்கப் போகிற நேரத்தில் அரசிக்கு நெஞ்சுவலி வரும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். 2019இல் தொடங்கி நாலு வருடம் ஓடிய 'பாரதி கண்ணம்மா' ஒரு மலையாளத் தொடரின் மறுவடிவம். கணவன் படித்த மருத்துவர். பிள்ளைகள் தன்னுடையவை அல்ல என்று மனைவி மேல் சந்தேகப்படுகிறார். மரபணுப் பரிசோதனை செய்தால் ஒரே நாளில் தீரக்கூடிய வழக்கு, நூற்றுக்கணக்கான எபிசோட்டுகளுக்கு இழுபட்டது. தமிழ் பேசுகிற ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பார்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு விடயமும் இருக்கிறது: இந்தியச் சட்டமானாலும் இலங்கைச் சட்டமானாலும், திருமண வாழ்வு நீடிக்கையில் பிறந்த பிள்ளையைக் கணவனின் பிள்ளையாகவே கொள்ளும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்கவேண்டும். தன்னை நிரூபிக்கச் சொல்லி அந்தப் பெண்ணைத் தெருவில் நடக்கவிட்டதற்குச் சட்டத்தில் எந்த அடிப்படையும் கிடையாது.

ஆகவே பழைய திருப்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் திருப்பத்தால் யாருக்கும் எதுவும் ஆகாமல் போவதுதான் பொறுக்கவில்லை. போன மாதம் நஞ்சு கலந்தவள் இந்த மாதம் அதே வீட்டில் அதே மேசையில் சாப்பிடுகிறாள். படியில் விழுந்து பிள்ளையை இழந்தவள் இரண்டு வாரத்தில் பொங்கல் சிறப்பு எபிசோட்டில் கோலம் போடுகிறாள். தலையில் அடிபட்டவனுக்குத் தன் பெயரே மறந்துபோகிறது, இன்னொரு அடி விழுந்ததும் எல்லாம் திரும்பி வருகிறது. உண்மையில் தலையில் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் மறப்பது விபத்தையொட்டிய நேரமும் அதற்குப் பிந்திய புது நிகழ்வுகளும்தான். தான் யார் என்பதை மறந்துவிடுவது மிக அரிது. இரண்டாவது அடி நிலைமையை மோசமாக்கும். முடிவில்லாமல் ஓடவேண்டிய தொடருக்கு விளைவு என்பது இடைஞ்சல். நஞ்சு கலந்தவள் சிறைக்குப் போனால் நாளைக்கு யார் கலப்பது? 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,533 எபிசோட். அவ்வளவு நீளத்துக்கு ஒரு பகையை உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றால் எந்தத் தீர்ப்பும் நிலைத்துவிடக்கூடாது. 1990களில் வாரம் ஒரு முறை வந்த 'மர்மதேசம்' கதைகளை இன்றும் ஆட்கள் நினைவில் வைத்திருப்பதற்கு ஒரு காரணம், எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனுக்கும் இயக்கிய நாகாவுக்கும் முடிச்சு எங்கே அவிழப்போகிறது என்பது தெரிந்திருந்தது.

இறந்தவர் திரும்பி வருகிற திருப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உடல் கிடைக்காத ஒருவர், மாலை போட்ட படம், ஆறு மாதம் கழித்து வாசலில் ஒரு நிழல். சென்னையில் அது எண் ஏற்றுகிற உத்தி. இந்த மாவட்டத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் கடல் கொண்டுபோன 2004 மார்கழிக்குப் பிறகும், போர்க்காலத்தில் கூட்டிக்கொண்டு போனதற்குப் பிறகும், மாலை போட மனம் வராமல் படத்தை வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்கு, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று சான்றிதழ் பெறுகிற வழி 2016 முதல் இலங்கைச் சட்டத்தில் உண்டு. அப்படியொரு தாளை அலுமாரியில் வைத்திருக்கிற வீட்டில் அந்த நிழல் வாசலுக்கு வரும்போது யாரும் விமர்சனம் பேசுவதில்லை. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, இப்படியொரு வீடு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

நம்மவர்கள் எழுதினால் வேறுவிதமாக வருமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்தே போகலாம். வரும், ஆனால் இந்தியத் தொடரைப் பார்த்து எழுதாவிட்டால்தான். அந்தத் தொடர்களின் இயந்திரமே நம் வீடுகளில் வேலை செய்யாது. மருமகள் மாமியார் வீட்டுக்குப் போய் ஒரே குசினியில் மோதவேண்டும் என்பதுதான் அங்கே அடித்தளம். நம் பக்கத்தில், மூதூர் கிண்ணியா முஸ்லிம் குடும்பங்களிலும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களிலும், மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறார். மாமியார் இங்கே விருந்தாளியாக வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர். அவர் பாலில் எதைக் கலக்க முடியும்?

தாலி நேரத்தில் மாப்பிள்ளை மாறுவதும் இங்கே கடினம். பல வீடுகளில் எழுத்து முன்கூட்டியே முடிந்துவிடும். பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டவரை மணவறையில் மாற்றினால் அது நாடகமல்ல, நீதிமன்றம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிச் சொத்தைப் பறிப்பதும் அப்படித்தான். காணி உறுதி செல்லுபடியாக நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கூட இருந்து கையெழுத்திடவேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. இந்தியாவிலும் பதிவு அலுவலகத்துக்குப் போகாமல் வீடு கைமாறாது. இருந்தும் எத்தனை அப்பாக்கள் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள்!

நம் வீட்டுச் சண்டைகள் வேறு. மூன்று பெண்பிள்ளைகள், ஒரு வளவு. பிரிக்கும்போது கிணறு யார் பங்கில் விழும்? கட்டாரில் இருக்கிற அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது, மூன்றாவது தங்கையின் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. மூத்தவளுக்குக் கட்டிய வீடு சீமெந்துத் தரை, ஏனென்றால் அப்போது அவ்வளவுதான் பணம். கடைசித் தங்கையின் வீடு குடிபூரலுக்கு மூத்தவள் வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். உள்ளே டைல்ஸ். கால் விரலால் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்று சொல்லிக் குசினிக்குள் போய் உதவி செய்யத் தொடங்குகிறாள். அண்ணன் அந்தக் காலைப் பார்த்துவிட்டான். இந்தக் காட்சிக்கு இடியும் வேண்டாம், வில்லியும் வேண்டாம், ஒன்பது முகமும் வேண்டாம். மூவரும் நல்லவர்கள், மூவருக்கும் நியாயம் இருக்கிறது. எழுதுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நமக்கு இது புதிதும் இல்லை. இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஒலித்த காலத்தில் நம் வீட்டுப் பேச்சிலேயே நம் வீட்டுக் கதையைக் கேட்டு ஆட்கள் உருகினார்கள். 1982இல் ரூபவாஹினி வந்த பிறகு தமிழ் நாடகத்துக்குக் கிடைத்த நேரமும் பணமும் கொஞ்சம். விளம்பரப் பணம் பெருமளவு சிங்கள நேரத்துக்குப் போகிறது, தமிழ்ச் சானல்களுக்கு இந்தியத் தொடரை வாங்கிப் போடுவது மலிவு. அதைத் தனி ஆளாக நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் சிங்களத்தில் வாரக் கடைசித் தொடர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. 2017இல் வந்த 'கூம்பியோ' வாரத்துக்கு இரண்டு நாள் ஓடி, ஒரு வருடம் நிறைவதற்குள் முடிந்துவிட்டது. அந்த அளவு நமக்குப் பொருந்தும். தூரதர்ஷன் காலத்துப் பதின்மூன்று வாரத் தொடரும் பொருந்தும்.

நீங்களே எழுத நினைத்தால், ஒரு வீடு, ஒரு கிணறு, ஆறு நடிகர்கள், பதின்மூன்று எபிசோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்தாலும் பரவாயில்லை, ஒலியை மட்டும் நல்ல மைக்கில் பதிவு செய்யுங்கள், குசினியில் நிற்கிறவருக்குக் கேட்கவேண்டும். கிணறு யாருக்குப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்து பதின்மூன்றாவது எபிசோட்டை எழுதிவிடுங்கள். அந்த முடிவால் யார் யாரோடு கதைக்காமல் போகிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மற்றப் பன்னிரண்டையும் அங்கிருந்து பின்னோக்கிப் பிடிக்கலாம்.